பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு சுவர்

மூன்று மாதங்களாக என் தூக்கத்தைக் கெடுத்த சுவர், கடந்த சனிக்கிழமை இரவு ஒருவழியாகச் சிவந்தது! கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் பெரிய மண்டபம். டிஜே மேசைக்கு எதிரே, 12 மீட்டர் தள்ளி நிற்கும் வெளிர் மஞ்சள் சுவர். முன்பு அங்கே ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு என் எட்டு பார் (PAR) விளக்குகளையும், அதாவது சுவரில் வண்ண வட்டம் போடும் எல்இடி மேடை விளக்குகளையும், கொண்டு போயிருந்தேன். வெள்ளவத்தையின் சின்ன மண்டபங்களில் கண்ணைப் பறித்த அதே விளக்குகள் அங்கே சுவரில் வெறும் கறையாகத்தான் விழுந்தன.

பார்த்தவர்கள் எல்லோரும் "இன்னும் எட்டு வாங்குங்கள்" என்றார்கள். வாங்கியிருந்தால் பணம் வீண். என் விளக்கின் ஒளிக்கற்றை விரியும் கோணம் 25 பாகை. அது 4 மீட்டரில் 1.8 மீட்டர் வட்டமாக விழுகிறது. 12 மீட்டரில் அது 5.3 மீட்டராக விரிகிறது. அதே ஒளி ஒன்பது மடங்கு பரப்பில் கரைந்துபோகிறது. விளக்கை இரட்டிப்பாக்கினால் வெளிச்சமும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். பெரிய மண்டபத்துக்கு விளக்குத் தேடுபவர்கள் பெட்டியில் உள்ள வாட் கணக்கைப் பார்க்கிறார்கள். நான் கோணத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

மெல்லிய கற்றை போடும் மூவிங் ஹெட், அதாவது தலை சுழலும் விளக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனால் புகை இல்லாமல் அந்தக் கற்றை காற்றில் தெரியாது. புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பயந்து பல ஹோட்டல்கள் மெல்லிய புகைமூட்டம் போடும் ஹேஸ் இயந்திரத்தை உள்ளே விடுவதில்லை. ஆகவே சுவரும் கூரையும்தான் நமக்குத் திரை.

கோணத்தைக் குறுக்க, விளக்கில் ஒவ்வொரு எல்இடியின் மேலும் இருக்கும் லென்ஸை மாற்றுவது என்று முடிவெடுத்துப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு காலை முழுவதும் அலைந்தேன். முதலில் வாங்கியது 10 பாகை, தெளிந்த லென்ஸ். கடைக்கார ஐயா அப்போதே எச்சரித்தார்: "தம்பி, உறையில் இருக்கும் கோணம் சின்ன எல்இடிக்கு. உங்களுடையது பெரிது, கற்றை விரியும்." விரிந்தது மட்டுமா, நிறமும் பிரிந்தது. நான்கு நிறச் சில்லுகளும் ஒரே எல்இடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், தெளிந்த லென்ஸ் அவற்றைத் தனித்தனியாகவே சுவருக்கு அனுப்பிவிடுகிறது. வெள்ளை கேட்டால் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம்.

மேற்பரப்பில் நுண்ணிய மணிமணியாக இருக்கும் 15 பாகை லென்ஸ்தான் நிறங்களைக் கலந்துகொடுத்தது. ஒரு விளக்குக்கு 18 லென்ஸ், ஆறு விளக்குக்கு 108. ஒவ்வொன்றின் கால்களும் எல்இடி பலகையின் துளைக்குள் முழுவதுமாக இறங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் வட்டத்தின் நடுவில் ஒரு மங்கல் பொட்டு விழும். விரல் ரேகை படாமல் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, முன்தட்டின் திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்க லென்ஸ்கள் எழும்பிவிடுகின்றன. இந்தப் பாடத்துக்கு மூன்று விளக்குகளை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

இப்போது 12 மீட்டரில் வட்டம் 3.4 மீட்டர். வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இரண்டு விளக்குகளை ஒரே வட்டத்தில் குவித்ததும் ஐந்து மடங்கை நெருங்கியது. இடைவெளிகளில் இருட்டு இருக்கட்டும் என்று விட்டேன். வட்டங்கள் அதனால் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. பைலா தொடங்கியதும் மூன்று வட்டங்களும் தாளத்துக்கு நிறம் மாற, டிஜே தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணா, இந்த மண்டபத்துக்கு இப்படி ஒரு சுவர் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு 108 லென்ஸும் மாற்றுவேன்.

வீடியோக்காரர் படத்தில் கருப்புப் பட்டை ஓடுவதாகச் சொன்னார். எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதால் வருவது அது. விளக்கின் மெனுவில் அந்தத் துடிப்பு அதிர்வெண்ணை உயர்த்தியதும் போய்விட்டது. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நீண்ட கேபிளில் கடைசி விளக்கு இடையிடையே துள்ளுகிறது. மைக் கேபிளைக் கொண்டு சமாளித்ததன் விளைவு. விளக்குக் கட்டளைகளுக்கென்றே உள்ள முறையான டிஎம்எக்ஸ் (DMX) கேபிள் வாங்க வேண்டும். அதுவரை, கட்டளைச் சமிக்ஞை கேபிள் முனையில் எதிரொலிக்காமலிருக்க, கடைசி விளக்கில் இரண்டாம், மூன்றாம் முனைகளுக்கு இடையே 120 ஓம் தடை ஒன்றைப் பற்றவைத்த பிளக்கைச் செருகப் போகிறேன்.

மீதி இரண்டு விளக்குகள் மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. 36 லென்ஸ் வேண்டும், கையில் இருப்பது 31. திங்கட்கிழமை மறுபடியும் புறக்கோட்டை.