ஆன் க்ளூயிட் விட்டுச்சென்ற சட்டம்

வேல்ஸின் கைனன் பள்ளத்தாக்குத் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. ஆன் க்ளூயிட் (1937–2023) என்றாலே ஈராக் போருக்கு அவர் தந்த ஆதரவைத்தான் பேசுவார்கள். 1994-இல் டவர் நிலக்கரிச் சுரங்கத்தை மூடாதே என்று பூமிக்கடியில் 27 மணி நேரம் உட்கார்ந்ததும் நினைவுக்கு வரலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு எதிராக அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த 2003 சட்டம்.

பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு பிரிட்டனில் 1985-லேயே குற்றம். ஆனால் விடுமுறை என்று சொல்லிச் சிறுமியை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்தால் அந்தச் சட்டம் எட்டாது. க்ளூயிட் அடைத்தது இந்த ஓட்டையை. பிரிட்டிஷ் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ எந்த நாட்டில் செய்தாலும் குற்றம். உச்ச தண்டனை 5 ஆண்டிலிருந்து 14.

‘நிரந்தரவாசி’ என்ற வரையறையிலும் இடுக்கு இருந்தது. மாணவராகவோ அகதியாகவோ தங்கியிருப்பவர்கள் தப்ப முடிந்தது. 2015-இல்தான் அது ‘வழக்கமாக வசிப்பவர்’ என்று மாறியது. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போலீசுக்குத் தெரிவிப்பதும் அதே ஆண்டு கட்டாயமானது.

ஆனாலும் முதல் தண்டனைத் தீர்ப்பு 2019-இல்! பெற்றோருக்கு எதிராகக் குழந்தையே சாட்சி சொல்ல வேண்டிய வழக்கு வேறெப்படி நகரும்? வெளிநாட்டுக்குக் கொண்டுபோன வழக்கில் முதல் தீர்ப்பு 2023 அக்டோபரில் வந்தது. க்ளூயிட் இறந்தது அதே ஆண்டு ஜூலையில்.