பதின்மூன்று வயதும் புள்ளியில்லாத சுருளும்

சிங்கப்பூர் யூதர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், 1955இல் நாட்டின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலின் பெயரோடு பெரும்பாலான தமிழர்களுக்குச் செய்தி முடிந்துவிடும். அதனால் என் மகன் பார் மிட்ஸ்வாவுக்கு, அதாவது யூதச் சிறுவன் சமயப் பொறுப்பேற்கும் வயதை எட்டுவதைக் குறிக்கும் சடங்குக்கு, தயாராகிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லும்போதெல்லாம், அது என்ன, பூணூல் கல்யாணம் போன்றதா என்ற கேள்வி தவறாமல் வருகிறது. என் கணவர் பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தினர். நான் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, திருமணத்துக்கு முன்பே முறைப்படி யூத சமயத்தைத் தழுவியவள். யூத மரபில் பிள்ளையின் அடையாளம் தாய்வழியில் வருவதால், எங்கள் மகன் பிறப்பிலேயே யூதன். அவனுக்குத் தமிழ்தான் பள்ளியில் தாய்மொழிப் பாடம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, சடங்கு நடப்பதால் பையன் பெரியவனாவதில்லை என்பதே. எபிரேய நாட்காட்டிப்படி 13 வயது நிறைந்த அன்றே, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், சமயக் கட்டளைகளுக்கு அவன் பொறுப்பாளியாகிவிடுகிறான். பெண்பிள்ளைகளுக்கு மரபு வழியில் இந்த வயது 12. அன்றிலிருந்து, கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்களில் அவனும் ஒருவன். மண்டபம், அழைப்பிதழ், விருந்து எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அப்படியிருக்க, தயாரிப்புக்கென்று கிடைக்கும் காலத்தின் பெரும்பகுதியை விருந்துக்குச் செலவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அது, யூத வேதமான தோராவின் சுருளிலிருந்து பையன் சபையின் முன் ஓத வேண்டிய வாசிப்புக்குப் போக வேண்டும்.

ஆனால் சிங்கப்பூரில் அந்தக் காலத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டும் எபிரேய வாசிப்பு தீவிரமாக வேண்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. போதாக்குறைக்கு, யூதப் புத்தாண்டும் பாவநிவாரண நாள் நோன்பும் அதே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விழுகின்றன. துணைப்பாட வகுப்புகளில் ஒன்றை நிறுத்தினோம். உறவினர் சிலர் எங்களை ஏதோ குற்றம் செய்தவர்களைப்போலப் பார்த்தார்கள். நிறுத்தியதில் எங்களுக்கு வருத்தமில்லை.

வாசிப்பு ஏன் இவ்வளவு நேரம் கேட்கிறது என்றால், தோரா சுருளில் இருப்பவை மெய்யெழுத்துகள் மட்டுமே. எபிரேயத்தின் 22 எழுத்துகளும் மெய்கள்; உயிரொலியைக் காட்டும் குறிகள் அச்சுப் புத்தகத்தில் இருக்கும், கையால் தோலில் எழுதப்பட்ட சுருளில் இருக்காது. வசனம் எங்கே முடிகிறது என்பதற்கும் அடையாளம் கிடையாது. எந்தச் சொல்லை எந்த இசையில் ஓத வேண்டும் என்பதற்கான குறிகளும் அவ்வாறே. இத்தனையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் சுருளின் முன் நிற்க வேண்டும். ஆனாலும் மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது, கண் எழுத்தின்மீது இருந்தாக வேண்டும். பயிற்சிக்கென்று ஒரு புத்தகம் உண்டு. ஒரு பத்தியில் எல்லாக் குறிகளும், அடுத்த பத்தியில் சுருளில் உள்ளபடி வெறும் எழுத்துகளும் இருக்கும். மகன் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதைப் படிப்பான். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் அப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "ஓலைச்சுவடியிலும் மெய்க்குப் புள்ளி இருக்காதுடா, இடம் பார்த்துத்தான் படிப்பார்கள்" என்றார். வாசிப்பு கற்றுத்தரும் ஆசிரியர் சொன்ன எந்த ஊக்க மொழியையும்விட அது அவனுக்குத் தெம்பு கொடுத்தது.

பொருள் மாறும்படி ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால், அருகில் நிற்பவர்கள் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். அவன் திரும்ப வாசிக்க வேண்டும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாத பழக்கம் வர மாதக்கணக்கில் ஆனது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. பாக்தாத் மரபில் சுருள் ஒரு கெட்டியான உருளைப் பேழைக்குள் இருக்கும். பேழையைத் திறந்து நிமிர்த்தி வைத்தபடியே வாசிப்பார்கள். மேசையில் கிடக்கும் புத்தகத்தில் பழகிய கண்ணுக்கும், சுட்டுகோல் பிடித்த கைக்கும் அது புதிது.

எந்தப் பகுதியை வாசிப்பது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை; பிறந்த தேதியை ஒட்டிய ஓய்வுநாளுக்கு, அதாவது சனிக்கிழமைக்கு, உரியது எதுவோ அதுதான். என் மகனுக்கு அமைந்தது தோராவின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தில் வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள் வரும் பகுதி. கதை விரும்பும் பையனுக்கு முழக்கணக்கு. கூடாரத்தில் வைக்கும் உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம் என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பகுதியைப் பற்றி அவன் சபையில் ஓர் உரையும் ஆற்ற வேண்டும் என்றபோது முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவனே ஒரு வரியைப் பிடித்தான்: பெட்டியைச் சுமக்கும் தண்டுகளை வளையங்களிலிருந்து ஒருபோதும் கழற்றக் கூடாது என்ற கட்டளை. ஏன் என்று தாத்தாவிடம் கேட்டான். நம் கோயில்களில் சுவாமி புறப்பாட்டுக்குத் தண்டு கட்டுவார்கள், உலா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள் என்று அவர் விளக்க, அப்படியானால் இவர்கள் ஏன் அவிழ்க்கவில்லை என்பதே உரையின் கேள்வியாகிவிட்டது. ஓரிடத்தில் நிலைத்த பிறகும் புறப்படத் தயாராக இருப்பதற்காக என்று ஒரு விடை எழுதியிருக்கிறான். பாக்தாத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த இரண்டு குடும்பங்களின் பேரன் அதை எழுதினான் என்பதால் எங்கள் சமயகுருவான ரபீ அதில் கைவைக்கவில்லை. சிங்கப்பூரில் பிறந்தவன் எங்கே புறப்படப் போகிறான் என்ற என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

தெஃபிலின் கட்டும் பயிற்சி எளிதாகவே முடிந்தது. தோராவின் பகுதிகள் எழுதிய தோல்களை உள்ளடக்கிய சிறு கறுப்புப் பெட்டிகளை வாரால் கையிலும் தலையிலும் கட்டும் இந்த வழக்கம் வாரநாள் காலைகளுக்கு உரியது, ஓய்வுநாளில் கட்டுவதில்லை.

அந்த ஓய்வுநாள் விதிகளை என் பக்கத்து உறவினர்களுக்கு விளக்குவதுதான் இப்போது நடக்கிறது. சனிக்கிழமை காலை, 1878இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ ஸ்திரீட் மஃகேன் அபோத் ஆலயத்தில் வாசிப்பு. அதே தெருவிலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்கு அடிக்கடி வரும் என் அம்மாவுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படம் எடுக்கக் கூடாது, காணொளி கூடாது என்பதை அண்ணியால் நம்ப முடியவில்லை. அதற்காகவே வியாழக்கிழமை காலைத் தொழுகையை வைத்திருக்கிறோம்; திங்களும் வியாழனும் தோரா வாசிக்கும் நாட்கள், படமும் எடுக்கலாம், தெஃபிலினும் கட்டியிருப்பான். பள்ளிக்குத் தாமதமாகச் செல்ல ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். சனிக்கிழமை பெண்கள் மேல்மாடத்தில் அமர்வோம். கீழே என் கணவர், இந்தப் பிள்ளையின் செயல்களுக்கான பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்ததற்காக இறைவனைப் போற்றும் வாசகத்தைச் சொல்வார். உரை ஆங்கிலத்தில்தான், தண்டு பற்றிய பத்தியை மட்டும் தாத்தாவுக்காகத் தமிழிலும் சொல்ல அனுமதி வாங்கிவிட்டான், அதை அவரே திருத்திக்கொண்டிருக்கிறார்.