மனச்சிதைவை அளப்பது: பான்ஸ் பேட்டியில் எங்கே சறுக்கும்?

நெல்லைப் பக்கம் பான்ஸ் பேட்டி எடுக்க உட்காருகிறவர் முதலில் முக்கால் மணி நேரத்தை ஒதுக்கிவிட வேண்டும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) அறிகுறிகளை அளக்க 1987-ல் கே, ஃபிஸ்பைன், ஓப்லர் மூவரும் வெளியிட்ட அளவுகோல் இது. மொத்தம் 30 இனங்கள், அதாவது மதிப்பெண் போட வேண்டிய 30 அறிகுறிகள். குரல் கேட்பது, சந்தேகம் போன்ற பாசிட்டிவ் (புதிதாகச் சேர்கிற) அறிகுறிகள் 7, முகபாவம் வற்றுவது, ஒதுங்குவது போன்ற நெகட்டிவ் (இருந்தது குறைகிற) அறிகுறிகள் 7, பொதுவானவை 16. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பார்க்க வேண்டியது கடந்த ஒரு வாரத்தை மட்டும். "போன வருசம் ரொம்பக் கஷ்டப்படுத்திட்டான்" என்று அம்மா அழுவார். கேட்டுக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள்.

ஆனால் வீட்டார் இல்லாமல் பேட்டி முடியாது. ஒதுங்கி இருப்பதற்கு இரண்டு இனங்கள் உண்டு, இரண்டுமே அவர்கள் சொல்வதை வைத்துத்தான். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டும் ஒருவர் போகவில்லை என்று வையுங்கள். "அங்க என்ன இருக்கு" என்று பாயிலேயே கிடந்தால் அது நெகட்டிவ் பகுதியில் வரும். "அங்க வந்தா என்னைய ஏதாவது செஞ்சிருவாவ" என்று கதவைச் சாத்திக்கொண்டால் பொதுப் பகுதியின் கடைசி இனம். ஏன் போகவில்லை என்று கேட்காமல் வருகிறவர்கள் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு வைப்பார்கள்.

கொடையில் சாமியாடுகிறவருக்குச் சுடலைமாடன் குரல் கேட்பதும், செய்வினை உண்டு என்று வீடே நம்புவதும் அறிகுறி ஆகாது. வீட்டாரே "அப்படியெல்லாம் இல்லைய்யா" என்று சொல்லியும், வீட்டுச் சோற்றில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்று சாப்பாட்டை நிறுத்தியவருக்கு மதிப்பெண் கூடும். நம்பிக்கையின் உறுதியையும் அது நடத்தையை மாற்றுகிறதா என்பதையும் பாருங்கள்.

நேர்ப்பொருளைத் தாண்டிச் சிந்திக்க முடிகிறதா என்று பார்க்கப் பழமொழி கேட்கும் இடமும் தந்திரமானது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்றால் "சேத்துல நடந்தா வழுக்கத்தான செய்யும்" என்று பதில் வரலாம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரென்றால் அந்த ஒரு பதிலை வைத்து முடிவு கட்டக் கூடாது. பீடிக்கும் சிகரெட்டுக்கும் என்ன ஒற்றுமை என்பது போலவும் கேளுங்கள்.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனச்சிதைவு மருந்துகள் எடுப்பவரின் முகம் மரத்தது போல இருந்தால் முழங்கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். பல்சக்கரம் போலத் தட்டித் தட்டி மடங்கினால் மருந்தால் வந்த விறைப்பாக இருக்கலாம். கண்டதற்கு மதிப்பெண் போட்டுவிட்டு, பக்கத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நோய் முற்றியதாக நினைத்து டோஸ் கூட்டுவார்கள், விறைப்பு இன்னும் ஏறும்.

மூன்று பகுதிக் கூட்டல் எளிது. ஆனால் எங்களுக்கு ஐந்து தொகுப்பாகப் பார்ப்பதே சரி என்று படுகிறது. பேச்சுக் குழப்பம் பாசிட்டிவ் பட்டியலில் இருந்தாலும், ஆராய்ச்சிகளில் அது பழமொழி இனத்தோடும் கவனக் குறைவோடும்தான் சேர்கிறது. படபடப்பும் பகைமையும் தனித் தொகுப்பு. பதற்றம், குற்ற உணர்வு, மனச்சோர்வு இன்னொன்று. மீதி இரண்டும் பாசிட்டிவ், நெகட்டிவ்.

கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் சதவீதம். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கே இனத்துக்கு 1 வீதம் 30 வந்துவிடும். ஆகவே 90-லிருந்து 60-க்கு இறங்கினால், இறக்கம் 33 சதவீதம் அல்ல. 30-ஐக் கழித்தபின் 60-க்கு 30, அதாவது 50 சதவீதம்.

நோய் தணிந்தது என்று எழுத மொத்தம் போதாது. 2005-ல் வகுத்த அளவுப்படி குறிப்பிட்ட 8 இனங்களும் 3-க்கு மேல் போகாமல் 6 மாதம் நிற்க வேண்டும். மொத்தம் எவ்வளவு இறங்கியிருந்தாலும், குரல் கேட்பது மட்டும் 4-ல் நின்றால் அப்படி எழுத முடியாது.