கொல்லைக் குளத்தில் ஷீட் எழும்பியதும் அதை உட்கார வைத்ததும்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்கு ஏழடி, மூன்றடி ஆழத்தில் ஒரு அல்லிக்குளம் இருக்கிறது. பண்ணைக்குட்டைக்குப் போடுகிற 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்தான் அடியில். கோடையில் வெட்டியபோது கிணற்றுத் தண்ணீர் எங்கோ ஆழத்தில் கிடந்தது, குழி முழுக்கக் காய்ந்த களிமண். ஐப்பசி மழை பிடித்ததும் அதே கிணற்றில் குனிந்து மொள்ளலாம் போல நீர் ஏறிவிட்டது, குளத்தின் நடுவில் ஷீட் எருமை முதுகு மாதிரி எழும்பி நின்றது. பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

உள்ளே இருப்பது காற்றா தண்ணீரா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் மட்கிய மண்ணிலிருந்து வாயுவும் கிளம்பும். கழியால் அழுத்திப் பாருங்கள். வாயு என்றால் விறைப்பாகத் துருத்திக்கொண்டு துள்ளும், தண்ணீர் என்றால் தொளதொளவென்று அமுங்கி வேறு பக்கம் போய் எழும்பும். எங்களுடையது தண்ணீர்.

"தண்ணிய எறச்சிட்டு ஷீட்ட இழுத்து விட்டுடலாம் சார்" என்றார் கொத்தனார். அதைத்தான் செய்யக் கூடாது. குளத்து நீர் ஷீட்டைக் கீழே அழுத்துகிறது, மண்ணில் நிற்கிற நீர் மேலே தள்ளுகிறது, எந்த மட்டம் உயரமோ அது ஜெயிக்கும். வெளிமட்டம் வெறும் 10 செ.மீ. கூடுதலாக இருந்தாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவுக்குத் தூக்கும். ஷீட்டோ தண்ணீரைவிட லேசானது, அதன் சொந்த எடை எதற்கும் உதவாது. அதனால் மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டுக் குளத்தை விளிம்பு வரை நிரப்பினேன். அடியில் மாட்டிய நீர் களிமண் வழியாக வெளியேற வேண்டுமே, மெதுவாகத்தான் அமுங்கியது, ஆனால் அமுங்கியது. பிளம்பர் ஷீட்டில் ஒரு ஓட்டை போட்டுவிடலாம் என்றார். போட்டால் மட்டம் சமமாகும், உண்மைதான், அப்புறம் சித்திரையில் குளமும் கிணற்றோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும்!

நிரந்தரமாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று, குளத்துக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட நாலு இன்ச் பிவிசி பைப் ஒன்றை நான்கடி இறக்கி, உள்ளே குச்சி விட்டு மட்டம் பார்த்து வந்தேன். இது செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்துவிடுங்கள். மழை விட்ட பிறகும் கிணற்றைவிட அந்த பைப்பில் நீர் உயரமாக நின்றது. காரணம், மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற மழைநீர் சேகரிப்புக் குழி குளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம், மூட முடியாது, மூடவும் கூடாது. மாடிக் குழாயை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கே திருப்பிவிட்டேன். குழி காய்ந்ததும் பைப்பில் மட்டம் நன்றாகவே இறங்கியது.

அடுத்து விளிம்பு. சுற்றிலும் இரண்டு வரிசை சாலிட் பிளாக் கட்டி, ஷீட்டை மேலே ஏற்றி மடக்கிவிட்டேன். இப்போது குளத்து நீர் தரையைவிட ஒன்றே கால் அடி உயரத்தில் நிற்கிறது, அதிகமானால் ஓரத்துக் குழாய் வழியாகப் போய்விடும். தெருவே ஒன்றே கால் அடி மூழ்கினால்தான் ஆபத்து, அப்போது குளத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

பங்குனியில் குளத்தைக் காலி செய்தபோது அடியில் ஒரு வாய்க்கால் தோண்டி, ஓட்டை பைப்பை, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணியில் சுற்றி (இல்லாவிட்டால் களி அடைத்துவிடும்), ஜல்லி போட்டு மூடி, மூலையில் உறை இறக்கிய சின்னக் குழிக்குச் சரிவாக விட்டிருக்கிறேன். அதில், நீர் ஏறினால் தானாக ஓடுகிற மாதிரி ஃப்ளோட் சுவிட்ச் வைத்த குட்டி மோட்டார். ஆனால் பெருமழையில் முதலில் போவது கரண்ட்தான், தெருவில் தண்ணீர் நின்றால் இறைத்தது திரும்பி வரும், ஆகவே நான் நம்புவது விளிம்பைத்தான்.

ஷீட்டின் மேல் ஜல்லி பரப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். பரப்பலாம், ஆனால் நீருக்குள் ஜல்லியின் எடை குறைந்துவிடுவதால் 10 செ.மீ. கனம் போட்டால் ஏறக்குறைய 10 செ.மீ. மட்ட வித்தியாசத்தைத்தான் சமாளிக்கும். ஒரு அடி வித்தியாசத்துக்கு ஒரு அடி ஜல்லி என்றால் குளம் எங்கே இருக்கும்? அல்லித் தொட்டிகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் போட்டிருக்கிறேன்.

போன கார்த்திகையில் பைப்பில் நீர் தரைக்கு நாலு விரல் கீழே வரை வந்தது, ஷீட் அசையவில்லை. படிப்பக்கம் ஒரு மடிப்பு மட்டும் இன்னும் லேசாக மிதக்கிறது. சேறு அள்ளுகிற வேலையெல்லாம் இனி கிணறு கீழே போன பிறகுதான்.