பூவரசம் வைரத்தில் ஒரு ஒட்டு

1976 ஆம் ஆண்டு. எனக்கு 19 வயது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக்குப் பின்னால், ஒரு ஒழுங்கைக்குள் இருந்த மரவேலைப் பட்டறையில் ஓடாவியாருக்குக் கையாளாக நின்றேன். கதிரை, கட்டில், அலுமாரி, அவசரத்துக்குச் சவப்பெட்டி. இவ்வளவுதான் வேலை. ஒருநாள் பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்துக் கடேற் மாஸ்ரர், அதாவது மாணவர் படைக்குப் பொறுப்பான வாத்தியார், ஆறு துவக்குகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே பட்டாளத்தில் இருந்து இளைப்பாறிய ஒருவர்.

எல்லாம் லீ என்பீல்ட் என்கிற பழைய பிரிட்டிஷ் துவக்கு. பொலிஸ்காரர் தோளில் கொழுவிக்கொண்டு திரிந்த அதே திறீ நோட் திறீ. ஒவ்வொன்றும் நாலு கிலோ வரும். சுடுவதற்கு வேண்டிய போல்ற்றுகளைக் கழற்றிப் பள்ளிக்கூடத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வந்திருந்தார்கள். பட்டாளத்துக்காரர் முதலில் முன்மரத்தைக் கழற்றினார். அதை விட்டுவிட்டுச் சோங்கை, தோளில் முட்டுகிற பின்மரத்தை, திருகப்போனால் முன்மரம் வெடித்துப்போகுமாம். பிறகு சோங்கின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினார். அதிலே ஒரு சின்னக் கதவு, கதவுக்குள்ளே எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கிற கயிறும். அவற்றை எடுத்துவிட்டு, ஆழத்தில் இருந்த நீளத் திருகாணியைத் திருப்பச் சோங்கு தனியே கையோடு வந்தது. இரும்புகளை அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய்விட்டார். மரங்கள் மட்டும் இரண்டு கிழமை எங்களிடம் கிடந்தன. ஒன்றின் முன்மரம் மற்றதில் சரியாக உட்காராது என்று, ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கம் போட்டுவைத்தோம்.

இரும்புகள் போக முன்னம் ஒன்றை வடிவாகப் பார்த்தேன். கழுத்தில் ஒரு முடிச் சின்னம், அதன் கீழே பி.எஸ்.ஏ., அதற்கும் கீழே 1917. ஓடாவியார் ஒன்றும் பேசாமல் வாசலில் நின்ற தன் சைக்கிளைக் காட்டினார். அதுவும் பி.எஸ்.ஏ.தான், துவக்கும் சைக்கிளும் செய்த அதே கொம்பனி. அதன் முத்திரையில் மூன்று துவக்குகளை முனையோடு முனை சாய்த்து நிறுத்தியிருக்கும். அவ்வளவு காலமும் அதை நான் ஏதோ முக்காலி என்று நினைத்திருந்தேன்.

மரம் வால்நட். நல்ல கபில நிறம், இடையிடையே கறுப்பு ரேகை. முதிரையைப்போல உளியோடு சண்டை பிடிக்காது. சோங்குகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். ஒன்று மற்றதுகளைவிட அரை அங்குலம் கட்டை, அதில் எஸ் என்று ஓர் எழுத்துக் குத்தியிருந்தது. கை நீளம் குறைந்தவனுக்குக் கட்டை, கூடினவனுக்கு நெட்டை. தையல்காரன் மாதிரி, சண்டைக்குப் போகிறவனுக்கு ஆள் அளவு பார்த்துச் சோங்கு போட்டிருக்கிறார்கள். ஓடாவியாரிடம் சொன்னேன். "அவங்கள் போக முன்னம் அளவெடுக்கிறாங்கள், நாங்கள் போன பிறகு எடுக்கிறம்," என்றார்.

நசிந்த இடங்களை நாங்கள் சீவவில்லை. ஈரச் சீலையை மேலே வைத்து, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் தொட்டோம். ஆவி உள்ளே இறங்க, படுத்திருந்த நார் மெல்ல எழும்பிவரும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு மேல் புல்லரித்தது. ஒரு சோங்கின் குதியில் மட்டும் பெரிய துண்டாகப் பிளந்து போயிருந்தது. வால்நட்டுக்கு நாங்கள் எங்கே போவது? வேலியில் பட்டு நின்ற கிழட்டுப் பூவரசு ஒன்றின் வைரத்தை, உள்ளே இறுகின நடுமரத்தை, அறுத்து எடுத்தோம். ரேகை ஓடுகிற பக்கம் பார்த்து, புறா வால் மாதிரிப் பொருத்து வெட்டி, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினோம். லின்சீட் எண்ணெய் நாலு தரம் குடித்த பிறகு, ஒட்டின இடத்தைக் கண்ணால் தேடினால் தெரியாது. நகத்தால் தடவினால்தான் தெரியும்.

ஒரு சோங்கில் கன்னம் படுகிற இடம் கண்ணாடிபோல மழமழத்துக் கிடந்தது. எத்தனை பேருடைய கன்னமோ. இன்னொன்றில், தகடு மூடுகிற இடத்துக்குள்ளே, எவனோ ஒரு பெடியன் கவராயத்தின் முனையால் 'க' என்று கீறியிருந்தான். அழிக்கப்போனேன். ஓடாவியார் என் கையைத் தட்டிவிட்டார். "விடு. அது அவன்ர."

கடைசி நாள் ஆறு சோங்குகளையும் சுவரோடு வரிசையாகச் சாய்த்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். "வடிவாய்த்தான் கிடக்கு, என்னடா?" என்றார். ஓம் என்றேன்.

வடிவு என்ற அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் துவக்குக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஊராகவும் இது இருக்கவில்லை. பன்னிரண்டு வருசம் கழித்து ஒரு சுற்றிவளைப்பில், கோயில் வீதியில் வரிசையாக இருத்தி வைத்திருந்தபோது, இடது தோளில் ஒரு சோங்கடி வாங்கினேன். எந்த உடுப்புக்காரன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. நோவு வர முன்னம் என் கண்ணில் பட்டது அந்த மரம். வேர்வை ஊறி, எண்ணெயே காணாமல் வறண்டு, ஓரத்தில் சிலும்பத் தொடங்கியிருந்தது. இதை ஒருத்தனும் பராமரிக்கவில்லையே என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைத்தது அதைத்தான். இப்போதும் மழை நாளில் அந்தத் தோளை உயர்த்திச் சீவுளி பிடிக்க முடியாது.

1995 ஒக்ரோபர் கடைசியில் ஊர் முழுக்க இடம்பெயர, சனத்தோடு சனமாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது உளிப்பெட்டியைத்தான். அந்த ஆறு துவக்குகளும் எந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை.

போன மாசம் கனடாவில் இருக்கிற பெறாமகன் வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தான். மடியில் ஒரு லீ என்பீல்ட், நம்பர் 4. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்சில் செய்தது. லைசென்ஸ் எடுத்து, ஒரு கிழவரிடம் வாங்கினானாம். அங்கே வடக்குப் பனிக்காட்டில் திரிகிற கனேடிய ரேஞ்சர்கள் 1947 இலிருந்து அண்மைக் காலம் வரைக்கும் இதைத்தான் வைத்திருந்தார்களாம், கடுங்குளிரிலும் சிக்காமல் வேலை செய்யும் என்று. அவனுக்கு அது ஒரு பழைய மொரிஸ் கார் மாதிரி. அங்கேயே பிறந்த பிள்ளை. கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

"பெரியப்பா, வார்னிஷ் அடிக்கட்டே?"

"அடிச்சால் உன்னோட கதைக்கமாட்டன். லின்சீட் எண்ணெய் வாங்கு. உள்ளங்கையால தேய், கை சுட வேணும். குத்தின எழுத்துகளுக்குக் கிட்டச் சான்ட் பேப்பர் கொண்டுபோகாத. துடைச்ச சீலையைச் சுருட்டி மூலையில போடாத, தானாப் பத்தும். விரிச்சுக் கொடியில போடு."

"கிட்டப் பாருங்கோ," என்று போனைச் சோங்கில் வைத்துப் பிடித்தான். அதே கபிலம், அதே கறுப்பு ரேகை. என்னை அறியாமல் விரல் போனின் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது.

மனிசி தேத்தண்ணியோடு வந்தா. அவவின் தம்பியின் படம் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் தொங்குகிறது, 1990 இல் எடுத்தது.

"என்னப்பா அது, அப்பிடிப் பாக்கிறியள்?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"கதிரைக் கை ஒண்டு. பெடியன் திருத்தப்போறானாம்."