கொத்தமல்லி வாசனை கோலாவும் ஒரு வேட்டித் திரையும்

நர்ஸ் வேலைக்காக 2018-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வந்த மூன்றாவது மாதம். இரவு டூட்டி இல்லாத ஒரு வியாழக்கிழமை, வார்டில் என்னோடு வேலை பார்க்கும் கோட்டயத்து அக்கா "வா, படத்துக்குப் போவோம்" என்று கூப்பிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மேடு ஏறினால் கிங் ஸ்கொயர் என்று ஒரு சதுக்கம் வரும். அதன் ஓரமாக டவ் ஸ்ட்ரீட் சவுத் என்ற தெரு. தியேட்டர் என்றால் எனக்கு நாகப்பட்டினத்தில் பார்த்ததுதான் தெரியும்: வாசலில் பெரிய போஸ்டர், கம்பி போட்ட டிக்கெட் கவுண்டர், இடைவேளையில் சமோசா. இங்கே நான் தேடிக்கொண்டே அந்தக் கதவைத் தாண்டிப் போய்விட்டேன். அக்காதான் கையைப் பிடித்துத் திருப்பினார்.

உள்ளே சின்ன பார். ஒரு கோக் கேட்டேன். "எங்களிடம் எங்கள் கோலாதான் இருக்கிறது, குடித்துப் பாருங்கள்" என்று ஒரு பெண் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் ஏதோ தெரிந்த வாசனை. என்னவென்று பிடிபடவில்லை. நான் யோசிப்பதைப் பார்த்து அவரே சொன்னார்: ஆரஞ்சு, எலுமிச்சை, லைம், பட்டை, ஜாதிக்காய், லாவெண்டர், ஆரஞ்சுப் பூ, அப்புறம் கொத்தமல்லி. எல்லாம் எண்ணெயாகச் சில சொட்டுகள். எண்ணெய் தண்ணீரோடு சேராதே, அதைச் சேர்த்து வைக்க வேலமரப் பிசின். கேட் ரிச், கெய்ல் பிராண்டன் என்ற இரண்டு கலைஞர்கள் அந்தத் தியேட்டருக்காகவே இதைக் காய்ச்சிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். செய்முறையை யார் கேட்டாலும் கொடுக்கிறார்கள். பெரிய கம்பெனி கோலாவின் செய்முறை பெட்டகத்துக்குள் பூட்டியிருக்கும் ரகசியம். இவர்களோ அதற்கு நேர் எதிராக, ஊரார் எல்லோரும் செய்துகொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இடத்தின் பெயர் கியூப். முழுப் பெயர் கியூப் மைக்ரோப்ளெக்ஸ். அறுபதுகளில் இருந்து அது கலை மையமாக இருந்த கட்டடம். 1998-ல் சில நண்பர்கள் அதைச் சினிமாவாக நடத்தத் தொடங்கினார்கள். நூற்றுச் சொச்சம் இருக்கை. அன்று என்ன படம் பார்த்தேன் என்பது மறந்துவிட்டது. படம் முடிந்து வெளியே வரும்போது பார்த்த ஒரு விஷயம் மறக்கவில்லை. டிக்கெட் கிழித்த பையன் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தான். கோலா ஊற்றிய பெண் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். மேலே படம் ஓட்டியவர் கீழே இறங்கி வந்து துடைக்கும் துணியை எடுத்தார். "இங்கே சம்பளம் எவ்வளவு?" என்று அக்காவிடம் கேட்டேன். "யாருக்கும் கிடையாது" என்றார்.

யாருக்கும் என்றால் யாருக்குமே. மேனேஜர் என்று ஒருவர் தனியாக இல்லை. எந்தப் படம் போடலாம், எந்தக் கச்சேரிக்கு இடம் கொடுக்கலாம், ஒழுகுகிற கூரைக்கு என்ன செய்யலாம் என்பதையெல்லாம் கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டங்கள் நீளமாகத்தான் போகும். ஆனாலும் எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊரில் வலை இழுக்கும் தகராறுக்குக் கூடும் பஞ்சாயத்து மாதிரி, கடைசி ஆள் வரை பேசித் தீர்க்க வேண்டும். நடுவில் அந்தக் கட்டடமே கைவிட்டுப் போகும் நிலை வந்தது. அப்போது நன்கொடை திரட்டி, ஏறக்குறைய 1,85,000 பவுண்டு சேர்த்து இடத்தையே சொந்தமாக வாங்கிவிட்டார்கள். இது நான் வருவதற்கு முன்னால், 2013-14 வாக்கில் நடந்தது. சம்பளம் வாங்காதவர்கள் ஒரு தியேட்டரை விலைக்கு வாங்கினார்கள் என்று அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "யார் பேரில் பத்திரம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தனி ஆள் பேரில் இல்லை, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு அது கோயில் நிலம் மாதிரி புரிந்தது.

இரண்டு மாதம் கழித்து நானும் சேர்ந்தேன். முதலில் டிக்கெட், அப்புறம் பார். ஆள் வெளியேறும் வழிகள், தீயணைப்புக் கருவி, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு எங்கே இடம், எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிறகு மறுபடி நின்று கிளாஸ் கழுவ என்ன வேண்டுதல் என்று என் அறைத் தோழி கேட்பாள். அப்போது எனக்கே சரியான பதில் தெரியவில்லை. ஒரு நாள் கிளாஸ் கழுவும்போதுதான் தெரிந்தது.

என்னோடு நின்று துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்தி நாட்டைப் பற்றிச் சொன்னார். 2010 ஜனவரி 12, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், 7 அளவு என்று பதிவான நிலநடுக்கம். தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிப் போனது. 10 லட்சம் பேருக்கு மேல் வீடு இல்லாமல் தார்ப்பாய்க்கு அடியில். அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த கியூப் ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். நமக்கு வீடு கட்டத் தெரியாது, வைத்தியம் தெரியாது. தெரிந்ததெல்லாம் படம் ஓட்டுவது. சரி, அதையே செய்வோம். பணம் திரட்டி, புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு சிலர் அங்கே போய், பிள்ளைகளுக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். ஹெய்தி கிட்ஸ் கினோ ப்ராஜெக்ட் என்று அதற்குப் பெயர். கினோ என்றால் ஜெர்மன் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் சினிமா.

நான் கழுவுவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "என்ன ஆயிற்று?" என்றார். நானும் ஒரு காலத்தில் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த பிள்ளைதான் என்று சொன்னேன். அந்த ஊரில் நான் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்.

எங்கள் ஊர் கீச்சாங்குப்பம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று நான் ஐந்தாம் வகுப்பு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் வீட்டில் போனது சித்தப்பாவும் அவருடைய சின்ன மகளும். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத எனக்கு முடியாது. அதற்குப் பிறகு இருந்த தற்காலிகக் குடியிருப்பைப் பற்றி எழுத முடியும். தார் ஷீட் அடித்த கொட்டகை வரிசை. பகலில் உள்ளே நிற்க முடியாது, அடுப்புக்குள் நிற்பது மாதிரி வெக்கை. ராத்திரி பயம். பிறந்ததிலிருந்து கடல் சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள் நாங்கள். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வோம். 2005 மார்ச் 28 ராத்திரி சுமத்ரா பக்கம் மறுபடி பூமி ஆடியது, அலை வரலாம் என்று எச்சரிக்கை. கும்மிருட்டில் மொத்தக் குடியிருப்பும் மேற்கே ஓடியது. அலை வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பிறகு என் தம்பி செருப்பைக் கழற்றாமலே தூங்க ஆரம்பித்தான்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு வெள்ளை ஆம்னி வேன் வந்தது. இறங்கியவர்கள் நாலைந்து பேர், கல்லூரியில் படிக்கிற வயசு. இரண்டு எட்டு முழ வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரை ஒன்றை இரண்டு மூங்கிலில் கட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படம், பேச்சே இல்லை. ஒரு குண்டு ஆள் சைக்கிளில் இருந்து விழுவான், எழுந்து மறுபடி ஏறி மறுபடி விழுவான். அவ்வளவுதான் எனக்கு நினைவு இருக்கிறது. ஆனால் என் அம்மாவை நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது இல்லையா. பக்கத்தில் நின்ற சித்தியும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் முடிந்து விளக்கு போட்டபோதுதான் எனக்குத் தோன்றியது, இவ்வளவு நேரம் கடல் சத்தமே கேட்கவில்லையே என்று.

அவர்கள் யார், எந்தக் கல்லூரி, யார் அனுப்பினார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. பெரியவளானதும் விசாரித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் அத்தனை குழுக்கள் வந்து போயின, யாருக்கும் நினைவில்லை. ஒருவேளை அவர்களுக்கே அந்த ஒரு ராத்திரி நினைவில் இருக்காது. நன்றி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கியூப்பில் நான் கழுவுகிற கிளாஸ் எல்லாம் அவர்கள் கணக்கில்தான் சேர்கிறது என்று அன்று புரிந்தது.

"சோறில்லாதவனுக்குப் படம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, என் அப்பாவே கேட்டிருக்கிறார். என் பதில் இதுதான். சோறு வந்தது. அரிசி மூட்டை, பழைய துணி, பிஸ்கட், எல்லாம் லாரி லாரியாக வந்தது. அதை வாங்க வரிசையில் நிற்கும்போது நாங்கள் அகதி. திரைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் பிள்ளைகள். பேரிடர் நடந்த இடங்களில் யுனிசெஃப் பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே தனிக் கூடாரம் போடுகிறது. எங்கள் குழந்தைகள் வார்டிலும் விளையாட்டு காட்டுவதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். ஊசி போடும் முன் அவர் வந்து பொம்மையோடு உட்கார்ந்தால் பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்குவதை நான் திரையில் எண்ணாகவே பார்க்கிறேன்.

எந்தப் படத்தைக் காட்டுவது என்பதும் லேசான விஷயம் இல்லை. ஹெய்திப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரெயோல். ஆங்கிலப் படத்தைப் போட்டு என்ன பிரயோஜனம்? பேச்சில்லாத படம் எந்த ஊரிலும் எடுபடும். பிரிஸ்டல்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. களிமண் பொம்மைகளை ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படம் எடுக்கும் ஆர்ட்மேன் ஸ்டூடியோ இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர்களுடைய ஷான் என்ற செம்மறியாடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உலகம் முழுக்கச் சிரிக்க வைக்கிறது. இன்னொன்றிலும் கவனம் வேண்டும். தண்ணீரில் முழுகுகிற காட்சி, கட்டடம் சரிகிற காட்சி வருகிறதா என்று முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். மற்றவர்களுக்கு அது நகைச்சுவைக் காட்சி. அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

போன வருடம் மே மாத விடுப்பில் ஊருக்குப் போனபோது ஒரு புரொஜக்டரைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். 3,000 லூமன் வெளிச்சம், எட்டு அடித் திரைக்குத் தாராளம். இருட்டுதான் முக்கியம். ஆறரைக்குச் சூரியன் மறைந்தாலும் ஏழு பத்து வரை வானத்தில் வெளுப்பு இருக்கும். அதற்குள் போட்டால் திரையில் பேய் மாதிரி ஏதோ அசையும், அவ்வளவுதான். பிள்ளைகள் ஆறு மணிக்கே வந்து பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்பீக்கர் தரையில் இருந்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. அதனால் ஆள் தலைக்கு மேலே உயர்த்தி வைத்தோம்.

எல்லாம் சரியாக இருந்தது, காற்றைத் தவிர. மே மாதச் சாயங்காலக் கடல் காற்று திரையைப் பாய்மரமாக்கி மூங்கிலையே சாய்த்துவிட்டது. நான் துணியை இழுத்து இழுத்து இறுக்கிக் கட்டினேன். இறுக்க இறுக்கத் துணியின் ஓரம்தான் கிழிந்தது. பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்தார். "படகுப் பாயை இப்படிக் கட்டுனா காத்து கிழிக்காம என்ன செய்யும்? கொஞ்சம் விட்டுக் குடுத்துக் கட்டணும்." சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஓரம் முழுக்க ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முடிச்சு போட்டார். காற்று தள்ளும்போது துணி உப்பியது, விட்டதும் தானாக நிமிர்ந்தது. பிரிஸ்டலில் திறந்தவெளித் திரை கட்டுபவர்கள் ரப்பர் கயிறு வாங்கிச் செய்வதும் இதேதான். திரும்பி வந்ததும் படம் வரைந்து காட்டினேன், கியூப்பில் இரண்டு பேர் அந்த முடிச்சைக் கற்றுக்கொண்டார்கள்.

படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மா எங்கே என்று தேடினேன். பிள்ளைகளுக்குப் பின்னால், அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை சித்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், முட்டி வலி. இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் சித்தி சத்தமாகவே சிரித்தாள். சிரித்துவிட்டு, கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும் வரை விடவில்லை.

அந்தத் திரையை மடித்து இங்கே கொண்டுவந்துவிட்டேன், ஓரம் தைக்க வேண்டும். நேற்று மேசையில் விரித்தபோது மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. அடுத்த விடுப்பு மே இரண்டாவது வாரம். பெரியப்பா ஃபோனில் கேட்டார், சைக்கிள் டியூப் எத்தனை வாங்கி வைக்க என்று. ஆறு போதும் என்றேன்.