எந்த அவகாசம்?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஏற்றுமதிக் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. ஜூன் பிறந்துவிட்டால் அலுவலகத்தில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி என்று எல்லாப் பக்கமிருந்தும் பழ வண்டிகள் வந்து எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டும். வெளியூரில் தோத்தாபுரி, கிளிமூக்கு என்று சொல்கிற பழத்தை நாங்கள் பெங்களூரா என்போம். எங்கள் கூழில் பெரும்பகுதி அதுதான்.

சில வருஷங்களுக்கு முன், சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஜெர்மனி பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நல்ல ஆங்கிலம். கையில் இருந்த ஆர்டரை உறுதி செய்துவிட்டு, கடைசி வரியில் ஈவென்ச்சுவலி இன்னும் இரண்டு கன்டெய்னர் எடுப்போம் என்று எழுதியிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்ன சொல்றாங்க?" என்றார். "கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும் சார், ஆனா கடைசியில கண்டிப்பா எடுத்துடுவாங்க" என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் படித்த அர்த்தம் அதுதான்.

ஒரு கன்டெய்னருக்கு 80 டிரம், ஒரு டிரம்முக்கு 215 கிலோ. இரண்டு கன்டெய்னர் என்றால் 34 டன்னுக்கு மேல் கூழ். தோலும் கொட்டையும் நாரும் போக பழத்தில் பாதிதான் கூழாக நிற்கும் என்பதால், கிட்டத்தட்ட 70 டன் பழம் கூடுதலாக வாங்கினோம். கூழாக்கி, கிருமி நீக்கிய பையில் நிரப்பி, டிரம்மில் அடைத்து ஷெட்டில் அடுக்கினோம். ஆகஸ்ட் போனது, செப்டம்பரும் போனது. அக்டோபரில் நானே எழுதிக் கேட்டேன். தேவை வந்தால் எடுப்போம் என்றுதானே சொன்னோம், இந்த வருஷம் தேவை வரவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. பேச்சு மாறுகிறார் என்று நினைத்தேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஜெர்மன் அகராதியைத் தேடிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் மொழியில் எவென்டுவெல் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு அர்த்தம் 'ஒருவேளை'. அவர் தன் மொழியின் சொல்லை மனசில் வைத்துக்கொண்டு அதன் ஆங்கில உருவத்தை எழுதியிருக்கிறார். அவர் சொன்னது 'ஒருவேளை எடுப்போம்', நான் படித்தது 'எப்படியும் எடுப்போம்'.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். லத்தீனில் எவெனீரே என்றால் வெளியே வருவது. அதிலிருந்து நடப்பது, விளைவது என்ற பொருளில் எவென்டுஸ் வந்தது. நாம் தினமும் சொல்கிற ஈவென்ட்டும் அந்த வழிதான். விளைவு என்பதை வரப்போவது என்றும் எடுத்துக்கொள்ளலாம், வந்தால் வரலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய ஆங்கிலம் முதலாவதைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு, இத்தாலி, டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் ஜெர்மனோடு சேர்ந்து இரண்டாவது பக்கம். ஸ்பெயினில் எவென்துவால் தொழிலாளி என்றால் நிரந்தரமில்லாத, தற்காலிக வேலைக்காரர். ஆங்கிலத்திலேயே ஈவென்ச்சுவாலிட்டி என்ற சொல்லில் 'நேரக்கூடியது' என்ற பழைய வாசம் இன்னும் இருக்கிறது. ஒப்பந்தங்களில் அதை எத்தனையோ தடவை டைப் செய்திருக்கிறேன், நின்று யோசித்ததில்லை.

அவர் ஜெர்மனிலேயே எழுதியிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். புரியாத மொழி என்று யாரிடமாவது கொண்டுபோய்க் கேட்டிருப்போம். அவருக்கும் எனக்கும் பொதுவான ஒரு மொழியில் வந்ததால்தான் கேட்கத் தோன்றவில்லை.

பழம் கொடுத்தவர்களுக்குப் பட்டுவாடா தள்ளிக்கொண்டே போனது. அதில் வேப்பனப்பள்ளி பக்கத்துப் பெரியவர் ஒருவர். வாரம் ஒரு தடவை வந்துவிடுவார். எடைச்சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். வேர்வையில் மை ஊறி எண்கள் மங்கியிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பிரித்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் பேசுவார். ஒருநாள் அவரிடம், "இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கண்ணா" என்றேன். பிறகு மனசு கேட்காமல் அந்த மெயில் கதையையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "இப்ப நீ அவகாசம்னு சொன்னியே தம்பி, எங்க வீட்ல தெலுங்கு. எங்களுக்கு அவகாசம்னா சான்ஸு. ஓசூர் பக்கம் கன்னடத்துல பேசினாலும் சான்ஸுதான். தமிழ்ல டைம். உங்கிட்ட பேசும்போது டைமுன்னு எடுத்துக்குவேன், சம்பந்தி வீட்ல பேசும்போது சான்ஸுன்னு எடுத்துக்குவேன். சந்தேகம் வந்தா, எந்த அவகாசம்னு கேட்டுடுவோம்" என்றார்.

எங்கள் கணக்குப் பிரிவில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை என்றார். சீசனுக்கு வரும் வடநாட்டுப் பையன்களுக்கு அவகாஷ் என்றால் லீவு. ஒரே சமஸ்கிருதச் சொல், எங்கள் கேட்டுக்குள்ளேயே நான்கு அர்த்தம். இத்தனையும் தாண்டித்தான் தினமும் வேலை நடக்கிறது. நான் மட்டும் ஆங்கிலத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். எனக்குப் பெரிய வருத்தம் அதுதான்.

அந்த டிரம்கள் குறைந்த விலைக்கு உள்ளூரிலேயே போயின. பெரியவருக்குப் பொங்கலுக்கு முந்தைய வாரம்தான் முழுப் பணமும் கிடைத்தது.

இப்போது மெயிலில் அந்தச் சொல்லைப் பார்த்தால், எத்தனை டன், எந்தத் தேதிக்குள், உறுதியா இல்லையா என்று அன்றே எழுதிக் கேட்கிறேன். ஆக்சுவல் விலை அனுப்புங்கள் என்று வந்தாலும் அப்படித்தான். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ்காரர்களுக்கு அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல் 'இன்றைய' என்று பொருள்படும். அவர்கள் கேட்பது இன்றைய விலையாக இருக்கலாம்.

போன சீசனில் பெரியவர் எடைமேடையில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்த வார்த்தை இந்த வருஷம் வந்துச்சா தம்பி?" என்றார். வந்திருக்கிறது என்றேன்.

"எந்த அவகாசம்னு கேட்டியா?"

"கேட்டிருக்கேண்ணா. பதில் இன்னும் வரல."

"அப்ப வரட்டும்" என்றார். மிச்சப் பழத்தை மரத்திலேயே விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு எடைச்சீட்டு வாங்கப் போனார்.